நாட்டுக்கோழி காம்பவுண்டு தாண்டாம இருக்கணுமா? கத்தரிக்கோல எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

எங்க வீடு சேலம் கன்னங்குறிச்சில, மூக்கனேரிக்கு கொஞ்சம் தள்ளி. வீட்டுக்குப் பின்னாடி 25க்கு 20 அடி இடம், ரெண்டு பக்கம் 5 அடி காம்பவுண்டு சுவரு, மீதி ரெண்டு பக்கம் பழைய முள்கம்பி. அதுல ஒம்பது சிறுவிடை கோழி (உடம்பு சின்னதா, லேசா இருக்குற நாட்டுக்கோழி இனம்), ஒரு சேவல் வச்சிருந்தேன். போன வருஷம் பாதி நாள் காலையில என் முதல் வேலையே பக்கத்து வீட்டு கேட்டைத் தட்டி "அக்கா, எங்க கோழி இங்க வந்துச்சுங்களா"ன்னு கேக்குறதுதான். அந்த அக்கா நல்லவங்க, முதல்ல சிரிச்சுக்கிட்டே புடிச்சுக் குடுத்தாங்க, ஆனா அவங்க போட்ட அரைக்கீரை பாத்திய மூணாவது தடவை எங்க கோழிங்க கிளறி விட்டப்புறம் முகம் மாறிப்போச்சு, அது நியாயந்தான்.

அப்போ தெரிஞ்சவர் ஒருத்தர் றெக்கைய வெட்டி விடு எல்லாம் சரியாயிடும்னாரு. நானும் எதையும் யோசிக்காம எல்லா கோழிக்கும் ரெண்டு றெக்கையும் ஒட்ட வெட்டிட்டேன். ஒரு வெடைக்கோழிக்கு (இன்னும் முட்டை வைக்காத இளங்கோழி) ரத்தம் நிக்கவே இல்ல, அரை மணி நேரம் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுக்கப்புறமும் ரெண்டு கோழி விறகு மேல தாவி சுவரு ஏறிப் போயிடுச்சு. நாலாவது நாள் தெருநாய் ஒண்ணு முள்கம்பி இடுக்குல நுழைஞ்சுது. முன்னாடியெல்லாம் நாய் வந்தா விர்ருனு முருங்கை மரத்துக்குப் போயிடும், அன்னைக்கு எதுவும் ஏற முடியல. மூணு கோழி போச்சு.

அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். றெக்கை வெட்டுறது தப்புன்னு சொல்லல, அது கடைசியா செய்ய வேண்டியது, அதுவும் அடைச்ச வேலிக்குள்ள இருக்குற கோழிக்கு மட்டும். வரிசையா சொல்றேன், மாத்தாம செய்யுங்க.

1. ரெண்டு நாள் சும்மா உக்காந்து பாருங்க

செலவு ஒண்ணும் இல்ல. காலையில கூடு திறந்த உடனே ஒரு மணி நேரம், சாயங்காலம் 5 மணியில இருந்து இருட்டுற வரைக்கும். எந்தக் கோழி போகுது, எங்க கால் வச்சு ஏறுது, எந்த நேரத்துல போகுதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க.

கோழி வேணும்னே ஓடிப்போறது கிடையாதுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கும். காலையில போனா பெரும்பாலும் தீனி பத்தல, இல்ல அந்தப் பக்கம் பச்சை தெரியுது. 9, 10 மணிக்கு ஒரே ஒரு பொட்டக்கோழி மட்டும் கத்திக்கிட்டே சுத்தி சுத்தி வந்து அப்புறம் தாண்டுதுன்னா அது முட்டை வைக்க மறைவான இடம் தேடுது. சாயங்காலம் போனா தூங்க உசரமான இடம் தேடுது. திடீர்னு நாலஞ்சு சேர்ந்து பறந்தா நாய், கீரி, இல்ல மேல பிராந்து (பருந்து). அதே மாதிரி சேவல் அதிகமா இருந்தா பொட்டக்கோழிங்க தொல்லை தாங்காமயே ஓடும், பத்து பொட்டைக்கு ஒரு சேவல் போதும்.

எங்க வீட்டுல ஓடினதுல பாதி முட்டை வைக்க இடம் இல்லாமத்தான். பழைய பழக்கூடை ரெண்டுல வைக்கோல் போட்டு, படிக்கட்டுக்கு அடியில இருட்டா இருக்குற இடத்துல வச்சேன், ஒவ்வொண்ணுலயும் ஒரு கூமுட்டைய அடையாளத்துக்கு விட்டேன். (வெயில்ல கூமுட்டை வெடிச்சு நாறும், வெள்ளைக் கூழாங்கல்லே போதும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.) அந்த ஒரு வாரத்துலயே மூணு கோழி தாண்டுறத விட்டுடுச்சு. நாலஞ்சு கோழிக்கு ஒரு கூடைன்னு கணக்கு வச்சுக்கோங்க.

2. ஏறுற படிய எடுங்க

சிறுவிடை கோழியால நின்ன இடத்துல இருந்தே 5 அடி தாண்ட முடியும், ஆனா அது நேரா தாண்டாது. முதல்ல சுவத்து மேல போய் உக்காரும், அந்தப் பக்கம் எட்டிப் பாக்கும், கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பும், அப்புறம்தான் குதிக்கும். அந்த உக்கார்ற இடத்தைக் கெடுத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

சுவரு ஓரமா இருக்குற விறகு அடுக்கு, துணி துவைக்குற கல்லு, பழைய சின்டெக்ஸ் டேங்க், ஸ்கூட்டர், தண்ணி டிரம், தாழ்ந்த கொய்யாக் கிளை எல்லாத்தையும் சுவத்துல இருந்து குறைஞ்சது 6 அடி தள்ளி வைங்க. எங்க வீட்டுல விறகு அடுக்கை மாத்துனது மட்டும்தான், அரை நாள் வேலை, தாண்டுறது கண்ணுக்குத் தெரியவே குறைஞ்சுது.

ஒரு எச்சரிக்கை. சுவத்து மேல கண்ணாடிச் சில்லு பதிக்காதீங்க. கோழி அப்பவும் ஏறும், கால் அடியில கிழிஞ்சு சீழ் வச்சு கட்டியா வீங்கும், அது ஆற மாசக்கணக்கா ஆகும். முள்கம்பி சுருளும் அதே கதைதான்.

3. பக்கத்து வீடு, ஃபோட்டோ, காகிதம்

இதை எல்லாரும் கடைசியா பண்ணுவாங்க, நான் முதல்லயே பண்ணச் சொல்றேன். எங்க மேல ஒரு தடவை புகார் போச்சு, விசாரிக்க ஆள் வந்தாரு, வந்தவர் கோழியப் பாக்கவே இல்ல, கேட்ல நின்னே சத்தம் போட்டுட்டுப் போனாரு. அப்போ என் கையில எந்த விவரமும் இல்ல, எத்தனை கோழி, எது என்னுதுன்னு கூட உறுதியா சொல்ல முடியல.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு கோழியையும் ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுங்க. காலுக்கு பிளாஸ்டிக் கலர் வளையம் போடுங்க, எல்லாத்துக்கும் ஒரே கலர். வளையம் சுண்டு விரல் நுனி நுழையுற அளவுக்கு லூசா இருக்கணும், வளர்ற கோழிக்கு மாசம் ஒரு தடவை பாத்து மாத்தணும், இல்லன்னா கால்ல இறுகி அறுத்துடும். தெருவுல நாலு வீட்டுல கோழி இருந்தா "இது என்னுது உன்னுது" சண்டை கண்டிப்பா வரும், அப்போ இந்த ஃபோட்டோவும் வளையமும்தான் பேசும்.

வாடகை வீடுன்னா வேலி போடுறதுக்கு முன்னாடி ஓனர் கிட்ட கேளுங்க, வாய்ல சரின்னு சொன்னாலும் ஒரு வாட்ஸப் மெசேஜாவது வாங்கி வைங்க. கம்பம் நட குழி தோண்டுறது, சுவத்துல ஆணி அடிக்கிறது ரெண்டையும் அதுல தனியா எழுதுங்க, அட்வான்ஸ்ல புடிக்கிறப்ப அதுதான் பிரச்சனை ஆகும். சேலம் மாநகராட்சிக்குள்ள இருந்தா சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி இந்த நாலு மண்டல ஆபீஸ்ல உங்களுது எதுவோ அங்க சுகாதாரப் பிரிவுல ஒரு தடவை நேர்ல கேட்டுடுங்க. எங்களுது பேரூராட்சி, நான் அங்க போய் கேட்டேன்.

தடுப்பூசிச் சீட்டையும் அதே நோட்டுல ஒட்டுங்க. குஞ்சா இருக்கும்போது முதல் வாரத்துல கண்ணு இல்ல மூக்குல சொட்டு, 8 வாரத்துல றெக்கைக்கு அடியில ஊசி, ரெண்டும் வெள்ளைக்கழிச்சலுக்கு (கோழிக்கழிச்சல்னும் சொல்வாங்க). சுவரு தாண்டிப் போற கோழிதான் நோயை வீட்டுக்குக் கொண்டு வரும், அதனால இது தனி விஷயம் இல்ல. கோழிக்கழிச்சல் முகாம் பெரும்பாலும் பிப்ரவரில நடக்கும், உங்க கால்நடை மருந்தகத்துல தேதிய ஜனவரியிலயே கேட்டு வச்சுக்கோங்க.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் வாரம் ஆறு முட்டை குடுக்க ஆரம்பிச்சேன், பாத்திக்கு நானே வலை கட்டிக் குடுத்தேன். அவங்க இப்போ கோழி வந்தா எனக்கு போன் பண்றாங்க.

4. சாயங்காலத்தை சரி பண்ணுங்க

இருட்டினா கோழிக்கு கண்ணு தெரியாது, அதனால பொழுது சாயுறப்பவே இருக்குறதுல உசரமான இடத்தைப் புடிச்சுடும். உங்க கூடு தாழ்வா, காத்து இல்லாம, நெருக்கமா இருந்தா அது முருங்கை மரத்துக்கோ பக்கத்து மாடிக்கோதான் போகும். அங்க தூங்கின கோழி காலையில இறங்குறது உங்க பக்கமா அந்தப் பக்கமாங்கிறது அதோட இஷ்டம்.

கூட்டுக்குள்ள தரையில இருந்து ரெண்டு அடி உசரத்துல ஒரு கட்டை வைங்க, ரெண்டு இஞ்ச் அகலம், ஓரம் மழுங்கலா இருக்கணும். ஒரு கோழிக்கு 8 இஞ்ச் நீளம்னு கணக்கு. தினமும் ஒரே நேரத்துல, நான் அஞ்சரைக்கு, ஒரு கைப்பிடி கம்பு இல்ல நொய்யை கூட்டுக்குள்ள மட்டும் போடுங்க, வெளிய போடவே போடாதீங்க. தகர டப்பாவ ஆட்டிட்டு போட்டா பத்தே நாள்ல டப்பா சத்தத்துக்கு ஓடி வரும். தீனி நான் லீ பஜார்ல மூட்டையா வாங்குறேன், சில்லறையா வாங்குறதை விட கண்டிப்பா கட்டுபடியாகும்.

எங்க ஆயா காலத்துல கொடாப்பு, அதாவது கவுத்து வைக்குற கூடை போட்டு மூடுவாங்க, வேற ஊர்ல பஞ்சாரம்னு சொல்றது. மூணு நாலு கோழிக்கு அது போதும், ஆனா மேல கல்லு வைங்க, நாய் தள்ளி விட்டுடும்.

5. வேலி: எங்க செலவு பண்ணணும், எங்க வேண்டாம்

நான் தப்பா பண்ணது என்னன்னா முதல்ல கம்பத்துக்கு மேல மூங்கில குறுக்கா கட்டி அழகா முடிச்சேன். கோழிக்கு நானே உக்கார கட்டை போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. வேலியோட மேல் ஓரத்துல கெட்டியா எதுவும் இருக்கக் கூடாது. வலை மேல ஒரு அடி லொட லொடன்னு தொங்கணும், கால் வச்சா மடங்கணும். எங்க முடியுதுன்னு கோழிக்கு மட்டு தெரியாது, ஏறி உக்காரவும் முடியாது.

உசரம் சிறுவிடைக்கு 6 அடி, பெருவிடைக்கு (கனமான நாட்டு இனம்) 5 அடியே பெரும்பாலும் போதும். காம்பவுண்டு சுவரு இருக்குற பக்கம் முழுசா வேலி போட வேண்டாம், சுவத்துல கம்பிய உங்க பக்கமா சாய்ச்சு நட்டு ஒன்றரை அடிக்கு வலை கட்டுங்க. கீழ இருந்து பறக்குற கோழி தலை வலையில முட்டி இறங்கிடும். சாய்வு உங்க இடத்துக்குள்ள இருக்கணும், அந்தப் பக்கம் ஒரு இஞ்ச் நீட்டிக்கிட்டு இருந்தாலும் அதுக்கு ஒரு பஞ்சாயத்து வரும்.

என் செலவு: நைலான் வலை 1,450 ரூபா, 8 அடி சவுக்குக் கட்டை 9க்கு 1,080, கட்டுக்கம்பி 90, ஒரு ஆள் ஒரு நாள் கூலி 800, மொத்தம் 3,420. கம்பத்துக்குக் குழி ஒன்றரை அடி. சவுக்கு மண்ணுக்குள்ள கரையான் அரிச்சு ரெண்டு வருஷத்துல போயிடும், சொந்த இடம்னா நம்ம பக்கம் கிடைக்குற கல்லுக்கால் நட்டுடுங்க, ஒரு தடவை செலவு. வாடகை வீட்டுக்கு சவுக்கே போதும். விலை இடத்துக்கு இடம் மாறும், வலைய கிலோ கணக்குல குடுப்பாங்க, அதனால எத்தனை அடி வேணும்னு அளந்துட்டுப் போங்க. நான் அளக்காம போய் ரெண்டு தடவை அலைஞ்சேன்.

மேட்டூர் பக்கம் மீன் புடிக்குறவங்க கிட்ட பழைய வலை சும்மாவே கூட கிடைக்கும், நானும் வாங்கினேன், ஆனா தரையோரமா அதைக் கட்டாதீங்க. மெல்லிசு நரம்புல கோழி கால் சிக்கும், தலை சிக்கும். ஒரு நாள் காலையில ஒரு சாரைப்பாம்பு அதுல சுத்திக்கிட்டு கிடந்துச்சு, வெட்டி எடுத்து விடுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. பழைய வலைய 4 அடிக்கு மேல மட்டும் வைங்க. கீழ ரெண்டு அடிக்கு அரை இஞ்ச் வெல்டு மெஷ் (வெல்டிங் பண்ண கம்பி வலை) போடுங்க, அடியில அரை அடி மண்ணுக்குள்ள புதைங்க. செலவு அதிகம்தான், மூணு மாசம் கழிச்சு தனியா போட்டேன், ஆனா நாயையும் கீரியையும் நிறுத்துறது அதுதான், மேல இருக்குற வலை இல்ல.

மேலயும் வலை போட்டு மூடுறது ஒண்ணுதான் நூத்துக்கு நூறு நிச்சயமான வழி, குஞ்சு இருந்தா பிராந்துக்கும் அது வேணும். சித்திரை வைகாசில அடிக்கிற சூறைக்காத்துல ஷேட் நெட் பாய் மாதிரி தூக்கிக் கிழிஞ்சுடும், வெயிலுக்கு ஷேட் நெட் வேணும்னா ஒரு மூலைக்கு மட்டும் போட்டு மீதிக்கு கண்ணு பெரிய வலை போடுங்க. ஏற்காட்டுல எங்க மாமா வீட்டுல வேற தொல்லை, மேல் வலை பூரா சில்வர் ஓக் இலை விழுந்து மழையில நனைஞ்சு, ஒரு ஐப்பசில வலை மொத்தமா உக்காந்துடுச்சு. மலையில இருக்கவங்க நடுவுல ரெண்டு முட்டுக்கம்பம் குடுத்து வாரம் ஒரு தடவை இலைய தட்டி விடணும்.

6. இப்போ றெக்கை

வேலி முடிஞ்சு, கூடு பழகி, ரெண்டு வாரம் ஆகியும் எந்தக் கோழி தாண்டுதோ அதுக்கு மட்டும். எல்லாத்துக்கும் வேண்டாம். அடை உக்காந்திருக்குற கோழிய தொடாதீங்க, அடைய விட்டு எழுந்துடும். குஞ்சு வச்சிருக்குறதுக்கும் வேண்டாம். ராத்திரி மரத்துல தூங்க விடுறவங்க, நாய் வரக்கூடிய திறந்த தோட்டத்துல விடுறவங்க வெட்டவே வெட்டாதீங்க. ஏற்காட்டுல காபித் தோட்ட ஓரத்துல வளக்குறவங்களுக்கும் அதேதான், அங்க காட்டுப்பூனையும் மரநாயும் உண்டு, பறக்குறதுதான் கோழிக்கு இருக்குற ஒரே வழி.

எப்போன்னா இருட்டினப்புறம், கூட்டுல உக்காந்ததுக்கு அப்புறம், அப்போ சண்டை போடாது. நல்ல டார்ச் வேணும், இன்னொரு ஆள் வேணும். காலைப் புடிச்சு தலைகீழா தொங்க விடாதீங்க, சந்தையில எல்லாரும் அப்படித்தான் புடிக்கிறாங்க, ஆனா தலைகீழா இருக்குறப்ப அதுக்கு மூச்சு விட கஷ்டம். பழைய வேட்டித் துண்டுல உடம்பை சுத்தி கக்கத்துல அணைச்சுக்கோங்க, ஒரு றெக்கை மட்டும் வெளிய இருக்கட்டும்.

றெக்கைய விசிறி மாதிரி விரிங்க. ஓரத்துல இருந்து பத்து இறகு நீளமா இருக்கும், அதுக்கு அப்புறம் ஒரு குட்டை இறகு வரும், அதுக்கு உள்ள இருக்குறது வேற வரிசை. அந்த ஓரத்துப் பத்துதான் பறக்க வைக்குறது. மேல சின்ன இறகு மூடியிருக்கும் இல்லையா, அது முடியுற இடத்துக்கு ஒரு விரக்கடை தள்ளி வெட்டணும், அதுக்கு உள்ள போகாதீங்க.

வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இறகோட தண்டையும் டார்ச்சுக்கு எதிர்ல புடிச்சுப் பாருங்க. வெள்ளையா வெறுமையா இருந்தா முத்தினது, நம்ம நகத்தை வெட்டுற மாதிரிதான், வலிக்காது. தண்டு தடிச்சு, நீலமாவோ செவப்பாவோ தெரிஞ்சா அது இப்பத்தான் வளருது, உள்ள ரத்தம் ஓடுது, அதை விட்டுடுங்க. கருங்கோழிக்கு தண்டே கருப்பா இருக்கும், அதனால வெளிச்சத்துக்கு எதிர்ல வச்சுப் பாக்காம வெட்டக் கூடாது. என் வெடைக்கோழிக்கு நடந்தது இதுதான், நான் பகல்ல அவசரத்துல பாக்காம வெட்டினேன்.

ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்க. ரெண்டும் வெட்டினா சமநிலை அப்படியே இருக்கும், அடிச்சு அடிச்சு எப்படியோ ஏறிடும். ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சா எழும்புறப்ப சாயும், நாலு தடவை முயற்சி பண்ணிட்டு விட்டுடும். எல்லாத்துக்கும் ஒரே பக்கம் வெட்டினா தூரத்துல இருந்தே கண்டுபுடிக்கலாம், நான் வலது பக்கம்.

ரத்தம் வந்தா பதறாதீங்க. மஞ்சத்தூள் இல்ல சோளமாவு வச்சு பஞ்சால அஞ்சு பத்து நிமிஷம் விடாம அழுத்துங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. நின்னப்புறமும் அன்னைக்கு ராத்திரியும் மறுநாளும் தனியா வைங்க, ரத்தத்தைப் பாத்தா மத்த கோழிங்க கொத்தியே புண்ணாக்கிடும். நிக்கலன்னா கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்க. தடுப்பூசி போட்ட அதே நாள் றெக்கை வேலை வேண்டாம், ஒரு வாரமாவது இடைவெளி விடுங்க.

இது நிரந்தரம் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை இறகு உதிர்த்து புதுசா முளைக்கும். வெடைக்கோழி வளர்ற காலத்துல பல தடவை மாத்தும், அதனால ஆறு மாசம் ஆகாத கோழிக்கு இன்னைக்கு வெட்டினா சீக்கிரமே திரும்பப் பறக்கும். வெட்டின தேதிய நோட்டுல எழுதுங்க. கூட்டுல நீள இறகு கிடக்க ஆரம்பிச்சா தேதி போட்டுக்கோங்க, புது இறகு முழுசா முத்துற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் கத்தரிக்கோல் பக்கம் போகாதீங்க, அந்த நேரத்துல மேல் வலை இருக்குற பகுதியில மட்டும் விடுங்க.

7. புதுசா வாங்குறவங்களுக்கு

கொங்கணாபுரம் சனிக்கிழமை சந்தையில நாலு கோழி வாங்கிட்டு வந்து ஞாயித்துக்கிழமை காலையில திறந்து விட்டேன், மத்தியானத்துக்குள்ள ரெண்டைக் காணோம். புதுக்கோழிக்கு உங்க வீடு வீடே இல்ல. 7ல இருந்து 10 நாள் கூட்டுக்குள்ளயே வச்சு தீனி தண்ணி குடுங்க, அப்புறம் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் திறங்க, பசியோட இருக்குறப்ப. நாலஞ்சு நாள்ல நேரத்தைக் கூட்டிக்கிட்டே போங்க. தனியா வைக்கிறதுனால ஏதாவது நோய் இருந்தாலும் பழைய கோழிக்கு ஒட்டாம தெரிஞ்சுடும்.

இன்னும் வாங்கவே இல்லன்னா இனத்தை யோசிங்க. சின்ன இடம், தாழ்ந்த சுவருன்னா பெருவிடை, இல்ல வனராஜா மாதிரி கனமான இனம், இதெல்லாம் உடம்பு கனத்துனால அவ்வளவா எழும்பாது. சிறுவிடை முட்டைக்கும் அடைக்கும் அருமை, ஆனா அது பறவைதான், மரத்துல தூங்கப் பொறந்தது. கின்னிக்கோழிய (கினி ஃபவுல்) காம்பவுண்டு நம்பி வாங்காதீங்க.

மொத்தம் எனக்கு சரியா மூணு வாரம் ஆச்சு: பாக்குறது ரெண்டு நாள், சுத்தம் பண்றது ஒரு நாள், வேலி ஒரு சனி ஞாயிறு, மீதி கூடு பழகுறதுக்கு. கடைசில றெக்கை வெட்ட வேண்டி வந்தது ரெண்டே கோழிக்கு. அதுலயும் ஒரு செவலைக் கோழி, வெட்டின பிறகும் வேலி வலையில நகத்தை மாட்டி மாட்டி ஏறிப் போயிடுச்சு. அதை வாழப்பாடில எங்க சித்தி தோட்டத்துக்குக் கொடுத்துட்டேன், அங்க பக்கத்துல வீடும் கிடையாது, ராத்திரி காவலுக்கு அவங்க நாய் இருக்கு. றெக்கை முளைச்சுடுச்சாம், புளியமரத்துலதான் தூங்குதுன்னு சித்தி சொன்னாங்க.